பிரஷர் குக்கர் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஷர் குக்கர் இல்லாமல் அடுப்பையே பற்றவைக்க மாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கிய மாதமே அதைப் பரணில் ஏற்றிவிட்டு மறந்தவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரையும் விசாரித்துப் பார்த்தால், குக்கரின் தரத்தைவிட அவர்கள் அன்றாடம் எதைச் சமைக்கிறார்கள் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருப்பது தெரியவரும். எனவே கீழே உள்ள பதில்களில் எந்த நிறுவனத்தின் குக்கர் சிறந்தது என்ற ஆராய்ச்சி இல்லை. உங்கள் அடுப்பங்கரைக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே கணக்குப் பார்ப்பதற்குத் தேவையானவற்றை மட்டும் எழுதியிருக்கிறேன்.

குக்கருக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கத் தொடங்கிவிட்டால், அதன்பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதலாகக் கொடுக்கும் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கொதி வந்தபின் தீயைக் கூட்டினால் சீக்கிரம் வெந்துவிடும் என்ற எண்ணம் பலிக்காமல் போவது இதனால்தான். பாத்திரத்தை இறுக மூடி ஆவியை உள்ளேயே அடைத்துவிட்டால் உள்ளழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். அடுப்பில் வைக்கும் குக்கர்களில் பெரும்பாலானவை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கை, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தை, உள்ளே நிறுத்திவைக்குமாறு அமைக்கப்பட்டவை. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 121 டிகிரியில்தான் கொதிக்கும்.

இருபது டிகிரிதானே என்று தோன்றலாம். ஆனால் வேகுதல் என்பது பல வேதிமாற்றங்கள் சேர்ந்து நடப்பது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அவை ஏறக்குறைய இருமடங்கு விரைவாக நடக்கும் என்பது பொதுவான கணக்கு. இருபது டிகிரி ஏறினால் அது நான்கு மடங்கை நெருங்கிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் வேகவேண்டிய கடலை கால்மணி நேரச் சங்கதியாகிவிடுவது இந்த இருபது டிகிரியால்தான். மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவும் இதே 121 டிகிரியில் இயங்கும் குக்கரின் உறவுக்காரப் பெட்டிதான்.

மூடியின் மேல் உட்காரும் வெயிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, இத்தனை சிறிய குண்டு அத்தனை ஆவியை எப்படி அடக்குகிறது என்ற வியப்பு எழுந்திருக்கும். ஆவி வெளியேறும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்தத் துளையை மேற்சொன்ன அழுத்தம் வரை அடைத்துவைப்பதற்குச் சுமார் 75 கிராம் எடை போதும் என்று விடை வருகிறது. அழுத்தம் அதைத் தாண்டினால் வெயிட் தானே எழும்பும், ஆவி சீறும், அழுத்தம் இறங்கும், வெயிட் மீண்டும் அமரும். டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் எலும்பையே மென்மையாக்கும் ஆவிக்கலன் ஒன்றைக் காட்டினார். அதற்குரிய பாதுகாப்பு வால்வையும் அவரே வடிவமைத்தார். இன்றைய குக்கரின் மூடியில் இருப்பவை எல்லாம் அந்த யோசனையின் வழிவந்தவை.

எனக்கு அது தேவையா என்பதை எப்படி முடிவு செய்வது?

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பு எழுதிவாருங்கள். அடுப்பில் ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது தண்ணீரில் எத்தனை நிமிடம் வெந்தது என்பதை மட்டும் குறித்துவைத்தால் போதும். நறுக்கிய நேரமும் வதக்கிய நேரமும் வேண்டாம். ஏனென்றால் குக்கரால் அவற்றில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்க முடியாது. அரைமணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் வெந்தவை வாரத்துக்கு மூன்று முறையாவது அந்தத் தாளில் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். வாரத்துக்கு ஒருமுறைதான் என்றால் இடவசதியையும் கையிருப்பையும் பார்த்து முடிவு செய்யலாம். மாதத்துக்கு ஒருமுறை என்றால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் அடிகனமான பாத்திரமும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்பது என் கருத்து.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. வேகுவதற்கு வெகுநேரமாகும் என்று பயந்து சமைக்காமலே விட்டவை அந்தத் தாளில் இடம்பெறா. உலர்ந்த பயறு வகைகளை வாங்காமல் டப்பாவில் அடைத்து வேகவைத்தவற்றையே வாங்கிவருவதும், முற்றிய இறைச்சியைத் தவிர்த்து இளசானதற்குக் கூடுதலாகச் செலவிடுவதும், கிழங்கு வாங்கவேண்டிய நாளில் ரொட்டி வாங்கிவிடுவதும் நேரமின்மையின் விளைவுகள். குக்கர் வந்தபிறகு சமையலே மாறிப்போன வீடுகள் பல இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே தாளின் அடியில், நேரம் இருந்திருந்தால் எதைச் சமைத்திருப்பீர்கள் என்பதையும் நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், புதுப் பாத்திரம் வாங்கும் ஆசையில் நாம் எல்லோரும் நாளை முதல் வேறு ஆளாக மாறிவிடப்போவதாக நம்பிவிடுகிறோம்.

நேரம் உண்மையிலேயே எவ்வளவு மிச்சமாகும்?

விளம்பரங்களிலும் சமையல் குறிப்புகளிலும் வரும் நிமிடக்கணக்கு, அழுத்தம் ஏறிய பிறகு உள்ள நேரத்தை மட்டுமே சொல்கிறது. அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து மூடியைத் திறக்கும் வரை ஆகும் நேரத்தைப் பார்த்தால்தான் நமக்கு உதவும். எட்டு மணி நேரம் ஊறிய அரைக்கிலோ கொண்டைக்கடலையை நான் கடிகாரத்தைப் பார்த்து வேகவைத்தபோது, அழுத்தம் ஏற 10 நிமிடமும், சிறுதீயில் வேக 15 நிமிடமும், ஆவி தானாக அடங்க 13 நிமிடமும் ஆயின. மொத்தம் 38 நிமிடம். அதே கடலை மூடிபோட்ட சாதாரணப் பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. நடுவில் இரண்டு முறை வெந்நீர் ஊற்றவேண்டியும் வந்தது. இங்கே மிச்சமானது ஐம்பது நிமிடத்துக்கு மேல்.

உருளைக்கிழங்கின் கதை வேறு. முழுக்கிழங்கு திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரத்துக்குள் வெந்துவிடும். குக்கரில் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். மிச்சம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும் எதற்கும் குக்கர் நேரத்தை மிச்சப்படுத்தாது என்பதை ஒரு தோராயமான எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நிமிடங்களைவிடப் பெரிய லாபம் வேறொன்று இருக்கிறது. திறந்த பாத்திரத்தின் பக்கத்தில் நிற்கவேண்டும். பொங்குகிறதா, வற்றுகிறதா, அடிப்பிடிக்கிறதா என்று எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குக்கரில் தீயைத் தணித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டால், அடுக்களையிலேயே இருந்தபடி வேறு வேலையைப் பார்க்கலாம்.

எவற்றுக்குப் பயன்படும், எவற்றுக்குப் பயன்படாது?

உலர்ந்த பயறு, பருப்பு, கடலை வகைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது என்றே சொல்வேன். அவற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின், வெப்பம் கூடினால் சீக்கிரம் இளகுகிறது. கடினநீர் வரும் வீடுகளில் இந்தப் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். தண்ணீரில் உள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிவிடுவதால், திறந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கொதித்தும் உள்ளே நறுக்கென்று இருக்கும் கடலை, குக்கரில் மலர வெந்துவிடும். புளிப்பான எதையும் பயறு வெந்த பிறகே சேர்க்கவேண்டும் என்ற விதி மட்டும் இங்கேயும் மாறாது.

ராஜ்மா எனப்படும் சிவப்பு பீன்ஸ் விதையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் உள்ளது. அரைவேக்காட்டில் தின்றால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டால் அது அழிந்துவிடும். கொதிநிலைக்குக் கீழேயே மெல்லச் சூடேறும் ஸ்லோ குக்கர் அதை முழுமையாக அழிக்காமல் விட்டுவிடக்கூடும். பெயரில் குக்கர் என்று இருந்தாலும் இரண்டும் நேரெதிரான கருவிகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கரில் விதை மசியும் அளவுக்கு வெந்துவிட்டால் இந்தக் கவலை வேண்டியதில்லை.

அடுத்து, தசைநார் மிகுந்த முற்றிய இறைச்சியும் எலும்புச் சாறும். கடினமான கொலாஜன் நார், ஈரமான சூட்டில் மெதுவாக ஜெலட்டினாக மாறுவதால்தான் இறைச்சி மெத்தென்று ஆகிறது; இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் அந்த மாற்றம் குக்கரில் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கொழுப்பில்லாத இளம் இறைச்சியை இதே முறையில் சமைத்தால் அது வறண்டு பஞ்சுபோல ஆகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முழுத்தானியங்கள், பீட்ரூட் போன்ற கடினமான கிழங்குகள், உமி மட்டும் நீக்கிய பழுப்பரிசி ஆகியவற்றுக்கும் குக்கர் நன்றாக உதவும்.

பயன்படாதவை என்று பார்த்தால், கீரையும் மீனும் முதலில் நிற்கின்றன. இரண்டும் சில நிமிடங்களில் வெந்துவிடுபவை. ஒரு நிமிடம் தவறினால் குழைந்துவிடுபவை. மூடியைத் திறந்து பதம் பார்க்கவும் வழியில்லை. பொரிப்பதற்குக் குக்கரை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. மூடிய குக்கரில் எண்ணெயைக் காய்ச்சுவது நேரடியான ஆபத்து. எண்ணெயின் சூட்டை அதன் கேஸ்கட்டும் வால்வும் தாங்குவதில்லை. ஓட்ஸ், பாஸ்தா போல நுரைத்துப் பொங்குபவை ஆவித்துளையை அடைத்துவிடும் என்பதால் அவற்றையும் தவிர்ப்பது நல்லது.

ருசி குறையுமா?

குறையாது, ஆனால் மாறும். வாணலியில் வதக்கும்போது வரும் பொன்னிறமும் வறுத்த வாசனையும் தண்ணீருக்குள் வேகும் பண்டத்துக்கு அவ்வளவாக வராது. அவை வேண்டுமென்றால், மூடியில்லாத குக்கரிலேயே முதலில் நன்றாக வதக்கிச் சிவக்கவிட்டு, பிறகு தண்ணீர் விட்டு மூடவேண்டும். குக்கருக்குள் தண்ணீர் வற்றுவது மிகக் குறைவாதலால், திறந்த பாத்திரத்துக்கு ஊற்றும் அதே அளவு தண்ணீரை ஊற்றிவிட்டு, சாறு சப்பென்று இருக்கிறது என்று குக்கரைக் குறைசொல்பவர்கள் அதிகம். தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். அல்லது திறந்தபிறகு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துச் சுண்டவிடுங்கள்.

எரிபொருள் மிச்சமாகும் என்பது உண்மையா?

உண்மைதான், அதற்குக் காரணம் சமையல் நேரம் குறைவது மட்டும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 314 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கொதிக்கும் அந்த ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் சற்று அதிகம். திறந்த பாத்திரத்திலிருந்து கிளம்பிக் கூரையை நனைக்கும் ஆவி ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் வீணாவது. குக்கரில் அந்த ஆவி உள்ளேயே தங்குகிறது.

தங்கவேண்டும் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். பெருந்தீயில் வைத்து ஓயாமல் சீறவிட்டால் குக்கரும் திறந்த பாத்திரத்தைப் போலவே ஆவியைக் கொட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறியதும் தீயைத் தணித்து, வெயிட் லேசாக முனகும் நிலையில் வைத்திருந்தால்தான் எரிபொருள் மிச்சமாகும்.

எத்தனை விசில் விடவேண்டும் என்ற கணக்கு சரியானதா?

விசிலை எண்ணுவது வசதியானது, ஆனால் அது நேரத்தை அளக்காது. பெரிய தீயில் நான்கு நிமிடத்தில் மூன்று விசில் வந்துவிடும்; சிறிய தீயில் அதே மூன்றுக்குக் கால்மணி நேரம் ஆகும். குக்கரின் அளவு, தண்ணீரின் அளவு, வெயிட்டின் எடை, அடுப்பின் வேகம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் ஓர் எண்ணை ஒருவர் தன் குக்கருக்குச் சொன்னால், அது அடுத்தவர் குக்கருக்குப் பொருந்தவேண்டிய அவசியம் இல்லை. முதல் விசில் வந்ததும் அழுத்தம் முழுமையாக ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தீயைத் தணித்து, அங்கிருந்து நிமிடத்தை எண்ணுவது மேலானது. நீண்டகாலமாக ஒரே குக்கரும் ஒரே அடுப்பும் வைத்திருப்பவர்களுக்கு விசில் கணக்கு கைவந்த கலையாகவே இருக்கும். அவர்களை மாற்றச் சொல்லி நான் வாதிட மாட்டேன்.

வெடித்துவிடுமோ என்ற பயம் நியாயமானதா?

பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை, முழு அழுத்தத்தில் உள்ளிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்கும் வகையில்தான் மூடியும் விளிம்பும் செய்யப்படுகின்றன. இதற்கும் மேலே, அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்க நேர்ந்தால் இன்னொன்று நடக்கும். உள்ளே 121 டிகிரியில் இருக்கும் தண்ணீர், வெளியழுத்தத்துக்கு வந்ததும் ஒரே நொடியில் 100 டிகிரிக்கு இறங்கவேண்டும். மிஞ்சும் சூட்டில் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் சுமார் 40 மில்லிலிட்டர் உடனே ஆவியாகிவிடும். அந்த 40 மில்லிலிட்டர், ஆவியாக மாறினால் 60 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும். உள்ளிருந்த பண்டத்தையும் வாரிக்கொண்டுதான் அது கிளம்பும். குக்கரால் நேரும் தீக்காயங்களுக்கு மூடியை அவசரப்பட்டுத் திறப்பது ஒரு முக்கியக் காரணம்.

இதைத் தடுக்கத்தான் இரண்டு வகை மூடிகள் இருக்கின்றன. உட்புறம் பொருந்தும் மூடியை ஆவியே உள்ளிருந்து விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்வதால், அழுத்தம் இறங்காமல் அதைத் திறக்க யாராலும் முடியாது. வெளியே திருகிப் பூட்டும் மூடியில், அழுத்தம் இருக்கும்வரை கைப்பிடியை நகரவிடாமல் தடுக்கும் பூட்டு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள். உட்புற மூடியைச் சாய்த்து நுழைக்கும் வித்தை கைவர ஒரு வாரமாகும்; புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

வெயிட்டின் துளை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு இரண்டாவது காவலாக சேஃப்டி வால்வு இருக்கிறது. குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக்கலவையால் ஆன சிறு அடைப்பு அது. ஒருமுறை தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கூடத்தில் தொலைபேசியில் பேச்சை வளர்த்துவிட்டேன். முதலில் விசில் நின்றுபோனது. அதை நான் கவனிக்கவில்லை. பிறகு கருகல் வாசனை எட்டியது. எழுந்திருப்பதற்குள் புஸ்ஸென்று நீண்ட சீறல் கேட்டது. போய்ப் பார்த்தால் மூடியின் நடுவே பொட்டு அளவு ஓட்டை விழுந்து, ஈயம்போன்ற ஒரு துளி மேலே உறைந்து கிடந்தது. உள்ளே தானியம் கரியாகியிருந்தது. நஷ்டம் அவ்வளவுதான். அந்த அடைப்பை மாற்றும்போது அதே தயாரிப்புக்குரியதையே வாங்கவேண்டும். பொருந்துகிறதே என்று வேறொன்றைத் திருகி வைத்தால், உருகவேண்டிய வெப்பத்தில் அது உருகாமல் போகலாம்.

அன்றாடம் பின்பற்றவேண்டிய விதிகள் மிகச் சிலவே. மூடும் முன் ஆவித்துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. உப்புவதும் நுரைப்பதுமான பயறு, அரிசி வகைகளென்றால் பாதிக்கு மேல் கூடாது. கையேட்டில் சொல்லப்பட்ட குறைந்த அளவு தண்ணீராவது இருக்கவேண்டும்.

எத்தனை லிட்டர் குக்கர் வாங்கவேண்டும்?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு விளிம்புவரை நிரப்பினால் கொள்ளும் அளவு. பாதிதான் நிரப்பவேண்டும் என்ற விதிப்படி, 5 லிட்டர் குக்கரில் தண்ணீரும் பயறும் சேர்ந்து 2½ லிட்டர்தான் வைக்கலாம். ஒருவர் அல்லது இருவர் உள்ள வீட்டுக்கு 3 லிட்டரும், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 5 லிட்டரும் பொதுவாகப் போதும். மூன்று நாளைக்குச் சேர்த்துச் சமைத்துவைப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். பெரிதாக வாங்கிவிட்டால் சிறிதும் சமைத்துக்கொள்ளலாமே என்ற வாதம் ஓரளவுக்குத்தான் சரி. பெரிய குக்கருக்கு அழுத்தம் ஏறுவதற்கே வெகுநேரம் பிடிக்கும், கழுவுவதற்கும் கனக்கும். கடைக்குப் போகும்போது உங்கள் கழுவுதொட்டியின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள் என்றால் சிரிப்பார்கள். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அலுமினியமா, எவர்சில்வரா?

அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் திறமையானது. சீராகச் சூடேறும், எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் புளிப்பான பண்டங்களோடு வினைபுரியும். உப்புநீரை ஊறவிட்டால் புள்ளிபுள்ளியாக அரித்துவிடும். வெந்நீரில் கருமை படியும். மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட கறுப்பு நிற அலுமினியத்தில் இந்தக் குறைகள் பெருமளவு நீங்கியிருக்கும். எவர்சில்வருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் அடிப்பகுதியில் அலுமினியத் தகடு வைத்து அழுத்தப்பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மட்டும் அடிப்பிடிக்கும். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஒரு காந்தத்தைக் கையோடு எடுத்துச்சென்று குக்கரின் அடியில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது எல்லாக் குழப்பத்தையும் தீர்த்துவிடும். எனக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எவர்சில்வரைத்தான் வாங்குவேன்.

மின்சாரத்தில் இயங்கும் குக்கர் மேலானதா?

மறதி உள்ளவர்களுக்கு மேலானது. நேரத்தை அமைத்துவிட்டால் தானே அழுத்தத்தை ஏற்றி, தானே காத்து, தானே நின்றுகொள்ளும். ஆவியும் சத்தமும் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றில் அழுத்தம் அடுப்புக் குக்கரைவிடச் சற்றுக் குறைவாகவும், உள்வெப்பம் 115 முதல் 117 டிகிரி வரையிலும் இருப்பதால், வேகும் நேரம் கொஞ்சம் நீளும். அழுத்தம் ஏறவும் இறங்கவும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், மேசையில் நிரந்தரமாக இடம் கேட்கும். மின்தடை வந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அடுப்புக் குக்கரில் பழுதாகக்கூடியவை ரப்பரும் வால்வும் கைப்பிடியும்தான். மின்சாரக் குக்கரில் உள்ளே இருக்கும் மின்பலகை பழுதானால், முழுவதையுமே தூக்கிப்போட நேரிடலாம்.

சத்துகள் அழிந்துவிடாதா?

வெப்பத்தால் அழிவதைவிடத் தண்ணீரில் கரைந்து போவதே பெரிய இழப்பு. சி வைட்டமினும் பி வகை வைட்டமின்கள் பலவும் வேகவைத்த தண்ணீருக்குள் இறங்கிவிடுகின்றன. குக்கரில் தண்ணீரும் நேரமும் குறைவு என்பதால், நீண்டநேரம் கொதிக்கவைத்து வடித்துக்கொட்டுவதோடு ஒப்பிட்டால் இழப்பு பொதுவாகக் குறைவே. வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மலைப்பகுதியில் வசிப்பவர்களுக்கு இது அவசியமா?

அவசியம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே கேள்வி இதுதான். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது. 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சார்லஸ் டார்வின் 1835-இல் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது, இரவு முழுவதும் நெருப்பின் மேலிருந்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகாமல் இருந்தது. அந்தப் புதுப் பானைக்கு உருளைக்கிழங்கை வேகவைக்க மனமில்லை என்று உடன்வந்தவர்கள் முடிவுகட்டினார்களாம்.

குக்கர் வெளியழுத்தத்துக்கு மேல் தன் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பதால், 3,000 மீட்டரில் அதன் உள்வெப்பம் 121-க்குப் பதில் 116 டிகிரி அளவில் இருக்கும். இழப்பு ஐந்து டிகிரிதான். திறந்த பாத்திரத்துக்கோ பத்து டிகிரி. 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் வேகும் நேரத்தை நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டிக்கொள்வது வழக்கமான கணக்கு.

வாங்கியபின் தொடர்செலவு உண்டா?

கேஸ்கட் எனப்படும் ரப்பர் வளையம் மட்டுமே அடிக்கடி செலவு வைக்கும். நாள்தோறும் புழங்கும் குக்கரில் ஓராண்டு அல்லது ஈராண்டில் அது இறுகி, மூடியின் ஓரத்தில் ஆவி கசியத் தொடங்கும். வெயிட் எழும்பாமல் விளிம்பில் நீர்த்துளிகள் வழிந்தால் அதுதான் அடையாளம். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, மூடியை இறுகப் பூட்டாமல் தலைகீழாக வைத்துவிட்டால் அதன் ஆயுள் நீளும், வாடையும் தங்காது. உங்கள் குக்கருக்கான கேஸ்கட் எளிதில் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் கிடைக்காததால்தான் நல்ல குக்கர்கள் பல பரணுக்குப் போகின்றன.

உறவினர் ஒருவர் பழைய குக்கரைத் தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

முதலில் அதைத் தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். அடி உப்பியிருந்து ஆடினால், அது என்றோ தண்ணீரின்றிக் காய்ந்திருக்கிறது என்று பொருள். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். விளிம்பில் விரலை ஓட்டி நெளிவோ விரிசலோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கைப்பிடியின் திருகுகள் ஆடினால் முடுக்கிவிடலாம். கைப்பிடியே வெடித்திருந்தால் மாற்றவேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால், கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் பார்க்காமலே புதிதாக மாற்றிவிடுங்கள். பிறகு இரண்டு டம்ளர் தண்ணீரை மட்டும் ஊற்றி மூடி, அடுப்பில் ஏற்றி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். விளிம்பில் கசியாமல் அழுத்தம் ஏறி, வெயிட் தானே எழும்பி ஆவியை விட்டு மீண்டும் அமர்ந்தால், அந்தக் குக்கரில் மறுநாளே கடலையை வேகவைக்கலாம்.